சிஸ்டர் இல்லாத நேரத்துக்கு வீட்டைத் தயார் செய்தல்: டர்பனில் புற்றுநோயாளிகளின் வீடு தேடிச் செல்லும் புதிய செவிலியர்களுக்கு

வார்டில் வேலை பார்த்துவிட்டு வீட்டுப் பராமரிப்புக்கு வருபவருக்கு முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிடும். நாம் ஒரு வீட்டில் இருப்பது ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. மீதி நேரமெல்லாம் நோயாளியைப் பார்த்துக்கொள்வது மகள், மருமகள், வேலை முடிந்து வரும் மகன், பகலில் உதவிக்கு வரும் ஜூலு பெண். வலி முற்றுவதும் மூச்சுத் திணறுவதும் பெரும்பாலும் அந்த மீதி நேரத்தில்தான், அதுவும் இரவில். ஆகவே டர்பன் பகுதியில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ மெரிபேங்கிலோ டோங்காட்டிலோ ஒரு வீட்டுக் கதவைத் தட்டும்போது, இன்று இரவு இரண்டு மணிக்கு இந்த வீட்டார் என்ன செய்வார்கள் என்ற கேள்வியோடு உள்ளே போங்கள்.

புறப்படும் முன்

மருத்துவமனை கொடுத்த கடிதத்தை வரி விடாமல் படியுங்கள். புற்று எங்கே பரவியிருக்கிறது என்று பாருங்கள். எலும்பில் என்றால் புரட்டும்போதே முறிவு ஏற்படலாம். முதுகெலும்பில் என்றால் ஒரு நாள் திடீரென்று கால்கள் சோர்ந்து, சிறுநீர் நின்றுவிடலாம். அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டிய அவசரம் அது. கல்லீரலில் என்றால் அரிப்பும் குழப்பமும் வரும். கழுத்தில் திறந்த புண் என்றால் இரத்தப்போக்கை நினைத்துப் பையைக் கட்டுங்கள்.

பிறகு டாக்டருக்கு ஒரு தொலைபேசி. கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பின், சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்தும் அட்டவணை 6 மருந்து. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி ஒரு சீட்டுக்கு 30 நாள் மருந்துக்கு மேல் கிடைக்காது. அதே சீட்டைக் காட்டி மறுபடி வாங்கவும் முடியாது. மாதாமாதம் புதுச் சீட்டு எழுதப்போவது யார், வெள்ளிக்கிழமை மாலையில் மருந்து தீர்ந்தால் யாரைக் கேட்பது, வீட்டிலேயே உயிர் பிரிந்தால் இறப்பு அறிவிப்புப் படிவத்தில் கையெழுத்திடுவது யார் ஆகிய மூன்றையும் முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

உள்ளூர் கிளினிக்கில் யாராவது இது எங்கள் வேலை இல்லை என்று கைவிரித்தால், 2017இல் வந்த தேசிய நோய்த்தணிப்புப் பராமரிப்புக் (குணமாகாத நோயில் வேதனையைக் குறைக்கும் பராமரிப்பு) கொள்கையை எடுத்துச் சொல்லுங்கள். வீடு வரைக்கும் இந்தப் பராமரிப்பு போய்ச் சேர வேண்டும் என்பது அரசே ஏற்றுக்கொண்ட கொள்கை.

வீட்டாருக்கும் ஒரு அழைப்பு: எத்தனை மணிக்கு வருகிறேன், கேட்டைத் திறக்க யார் நிற்பார், நாயைக் கட்டுவீர்களா. பையைக் கண்ணில் படாதபடி டிக்கியில் வைத்துப் பூட்டுங்கள். காரில் அன்றைய வீடுகளுக்குத் தேவையான மருந்துக்கு மேல் எடுத்துச் செல்லாதீர்கள். தெருவில் கலவரமோ துப்பாக்கிச் சத்தமோ இருந்தால் திரும்பிவிடுங்கள். நோயாளி காத்திருக்கிறாரே என்று மனம் அடித்துக்கொள்ளும். உங்களுக்கு ஒன்று நேர்ந்தால் நாளை அவருக்கு வர ஆள் இருக்காது.

முதல் வருகை

நோயாளியைப் பார்க்கும் முன் வீட்டைப் பாருங்கள். மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியேற்றிய குழுப் பகுதிச் சட்டத்தால் நகரத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்காக 1960களில் எழுந்த ஊர் சாட்ஸ்வர்த். அங்குள்ள பழைய மாநகராட்சி வீடுகள் பலவற்றில் படுக்கையறை மாடியில் இருக்கும், படிக்கட்டு குறுகலாக இருக்கும். நோயாளி தன் காலால் இறங்கி வர முடிகிறபோதே கட்டிலைக் கீழே கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கூடத்தில் போட்டால் வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்ப்பார்களே என்று தயங்குவார்கள். ஒரு திரைச்சீலை போதும். சமையலறையின் சத்தமும் பிள்ளைகளின் பேச்சும் காதில் விழுவதைப் பெரியவர்கள் பலர் விரும்பவே செய்கிறார்கள்.

அடுத்து, வீட்டில் முடிவெடுப்பவர் யார், உடம்பைத் தொட்டுக் கழுவி மருந்து கொடுப்பவர் யார் என்று பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். மூத்த மகன் பேசுவார், மருமகள் வேலை செய்வார். விளக்கமெல்லாம் மகனுக்கே போய்விட்டால் இரவில் மருமகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுங்கள்.

மோதிரங்களை அன்றே கழற்றிவிடுவது நல்லது. கை வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். தாலியை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள். கழுத்தை உறுத்துகிறது என்றால் வீட்டுப் பெரியவரிடம் சொல்லி, அவரே மஞ்சள் கயிற்றில் தளர்வாகக் கோத்துப் போடட்டும்.

பெரும்பாலான வீடுகளில் தேநீர்க் கோப்பையை நீட்டியபடியே மகள் தாழ்ந்த குரலில் தொடங்குவார்:

“சிஸ்டர், அப்பாவுக்கு இது புற்றுநோய் என்று தெரியாது. வயிற்றில் புண் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.”

இதைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். அன்பினால் வந்த வேண்டுதல் இது. அதே சமயம், தன் நோயைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையை 2003ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டம் நோயாளிக்கே கொடுத்திருக்கிறது. நான் சொல்லும் பதில் இது: “நானாக எதையும் போட்டு உடைக்கமாட்டேன் அம்மா. ஆனால் அவராகக் கேட்டால் பொய் சொல்லமாட்டேன். அப்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள்.” பிறகு நோயாளியிடம் தனியே, “தாத்தா, உங்கள் உடம்பைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார்? இன்னும் ஏதாவது தெரிந்துகொள்ள விருப்பமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பல வீடுகளில் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. “பிள்ளைகளிடம் சொல்லாதே அம்மா, தாங்கமாட்டார்கள்” என்று அவர் உங்களிடம் கேட்டுக்கொள்வார். இரு பக்கமும் மறைத்து மறைத்துக் களைத்துப்போன வீட்டில், அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேச ஒரு மாலைப் பொழுதை அமைத்துக் கொடுத்தால் அதற்கு ஈடான மருந்து நம் பையில் இல்லை.

மார்பின்

புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். அந்தப் பெயரைக் கேட்டதும் வீட்டார் முகம் மாறும். மார்பின் வந்துவிட்டால் கதை முடிந்தது என்பது ஒரு பயம். சாட்ஸ்வர்த் போன்ற இடங்களில் இன்னொரு பயமும் உண்டு. ஹெராயின் கலந்த ‘சுகர்ஸ்’ என்ற போதைப்பொருளுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. மகனை அப்படி இழந்த தாய், “இதுவும் அதே சரக்குதானே சிஸ்டர்?” என்று கேட்கும்போது மழுப்பாதீர்கள். ஆம், இரண்டும் ஒரே செடியிலிருந்து வருகிறவை. வலிக்கு ஏற்ற அளவில், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கும்போது நோயாளி போதைக்கு ஏங்குவதில்லை. வலி குறைந்து தூங்குகிறார், எழுந்து பேசுகிறார். நாள் போகப் போக அளவு கூடினால் நோய் வளர்கிறது, உடம்பும் மருந்துக்குப் பழகுகிறது என்று பொருள். டாக்டர் படிப்படியாகக் கூட்டும் மார்பின் உயிரைக் குறுக்குவதில்லை. இதை ஒரே தடவையில் சொல்லி முடித்துவிட முடியாது. ஒவ்வொரு வருகையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள்.

வீட்டில் அந்தப் பழக்கத்தில் சிக்கிய இளைஞன் இருந்தால் மருந்தைப் பூட்டிய டப்பாவில் வைக்க ஏற்பாடு செய்யுங்கள். டாக்டரிடம் சொல்லி ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் புட்டியில் மீதி எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அவனைத் திருடனைப் போல நடத்த வேண்டாம். ஆயாவின் (பாட்டியின்) தலைமாட்டில் இரவெல்லாம் விழித்திருப்பவன் அவனாகவும் இருப்பான்.

இனி அளவு. மார்பின் திரவம் எல்லா மருந்தகத்திலும் ஒரே செறிவில் வருவதில்லை. ஒரு புட்டியில் 5 மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கும். இன்னொன்றில் அதே 5 மில்லிலிட்டரில் 10 இருக்கும். 20 உள்ளதும் உண்டு. சீட்டில் மில்லிகிராம், வீட்டார் அளப்பது மில்லிலிட்டர். இந்த இடைவெளியில்தான் இரட்டிப்பு மருந்தும் பாதி மருந்தும் போய்விடுகின்றன. புதுப் புட்டி வந்தால் நீங்கள் பார்க்கும்வரை அதைத் திறக்கக் கூடாது, அல்லது தொலைபேசியில் லேபிளைப் படித்துக் காட்ட வேண்டும் என்பதை வீட்டின் விதியாக்குங்கள்.

கற்றுக்கொடுக்கும் முறை இது. ஊசி இல்லாத 10 மில்லிலிட்டர் சிரிஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். சரியான கோட்டில் ஒட்டுநாடாவை மெல்லிய கீற்றாக வெட்டிச் சுற்றி ஒட்டுங்கள். கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, மருமகளையே இழுக்கச் சொல்லுங்கள். சன்னல் வெளிச்சத்தில் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடிக்க வேண்டும். கறுப்பு ரப்பரின் மேல் விளிம்பு நாடாவின் மேல் விளிம்பைத் தொட வேண்டும். காற்றுக் குமிழ் இருந்தால் தட்டி வெளியேற்றி மறுபடி இழுக்க வேண்டும். பிறகு நோயாளியின் தலையைச் சற்று உயர்த்தி, கன்னத்தின் உட்புறம் சிரிஞ்சின் நுனியை வைத்து, விழுங்க விழுங்க மெதுவாகத் தள்ள வேண்டும். கை நடுங்காமல் மூன்று முறை செய்யும்வரை விடாதீர்கள். இரவில் அவர் தனியாகச் செய்யப்போவது இதைத்தான்.

நேரம்: நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10, விடியற்காலை 2. டாக்டர் ஒப்புக்கொண்டால் இரவு 10 மணிக்கு இரண்டு மடங்கு கொடுத்துவிட்டு, விடியற்காலை 2 மணி வேளையை விட்டுவிடலாம், இருவரும் தூங்குவார்கள். இடையில் வலி பீறிட்டால் கொடுக்கும் கூடுதல் அளவு, வழக்கமாக ஒரு வேளை அளவேதான். வேளைக்கு 10 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 60. இடைவேளை அளவும் 10. அப்படிக் கொடுத்தாலும் அடுத்த வேளையைத் தள்ளிப்போடக் கூடாது. ஒரே நாளில் மூன்று முறை கூடுதல் தேவைப்பட்டால் நம்மைக் கூப்பிட வேண்டும். ஒவ்வொன்றையும் நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். டாக்டர் அளவைத் திருத்துவது அந்த நோட்டைப் பார்த்துத்தான்.

மலமிளக்கியை முதல் நாளே தொடங்குங்கள். மயக்கமும் குமட்டலும் சில நாளில் அடங்கும், மலச்சிக்கல் அடங்காது. சிறுநீர் குறைந்து, கை கால் வெட்டி வெட்டி இழுத்து, இல்லாத ஆட்களைப் பார்த்துப் பேசத் தொடங்கினால் சிறுநீரகம் மருந்தை வெளியேற்றவில்லை என்று எண்ணி டாக்டரிடம் சொல்லுங்கள். தோலில் ஒட்டும் வலிமருந்தான ஃபென்டனில் பட்டை ஒட்டியிருந்தால் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெந்நீர்ப் பையும் காய்ச்சலும் அதிலிருந்து மருந்தை வேகமாக உடம்பில் ஏற்றிவிடும். பழைய பட்டையை மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்துங்கள்.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள்

ஒரே பக்கம், பெரிய எழுத்து. பகலில் இருக்கும் உதவியாளர் ஜூலு படிப்பவர் என்றால் ஜூலுவிலும் எழுதுங்கள். வலி வந்தால் எந்தக் கோடுவரை மருந்து. மூச்சு முட்டினால் சாய்த்து உட்காரவைத்து, சன்னலைத் திறந்து, மேசை விசிறியை முகத்துக்கு நேரே திருப்ப வேண்டும். இரத்தம் வந்தால் அடர்நிறத் துண்டால் அழுத்திப்பிடித்து, பக்கத்தை விட்டு நகராமல் இன்னொருவரைப் போன் செய்யவைக்க வேண்டும். அடர்நிறத் துண்டை முன்னதாகவே வாங்கித் தலைமாட்டில் வையுங்கள். வெள்ளைத் துணியில் பரவும் சிவப்பைப் பார்த்தால் வீடே அலறும்.

ஆம்புலன்ஸ் எண்ணை எழுதும் முன் குடும்பத்தோடு பேசுங்கள். ஆம்புலன்ஸ் வந்தால் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கப் பார்ப்பார்கள், அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோவார்கள். வீட்டிலேயே போக வேண்டும் என்று நோயாளி விரும்பியிருந்தால் அதை டாக்டரின் கையெழுத்தோடு எழுதி அதே கதவில் ஒட்டுங்கள்.

தாளின் அடியில் சில தமிழ்ச் சொற்கள் இருக்கட்டும். பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலம் மட்டுமே பேசுகிறார்கள். ஆயாவோ நினைவு தடுமாறும்போது சிறுவயதுத் தமிழுக்குப் போய்விடுகிறார். வலி, தண்ணீர், ஒன்றுக்கு, குளிர், பயம், அம்மா என்பவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தால் பதினாறு வயதுப் பேத்தியும் அவர் கேட்பதைப் புரிந்துகொள்வாள்.

கஞ்சிக் கரண்டி

சாப்பிடாமல் கிடக்கிறாரே என்பதுதான் தமிழ் வீட்டின் பெரிய வேதனை. வாயை இறுக மூடிக்கொண்டவருக்கு மகள் கரண்டியால் கஞ்சியைத் திணிப்பதைப் பார்ப்பீர்கள். தடுக்காதீர்கள் என்றும் சொல்லமாட்டேன், கையைப் பிடித்து நிறுத்துங்கள் என்றும் சொல்லமாட்டேன். உடம்பு மூடிக்கொண்டு வருகிறது, பசி போய்விட்டது, திணித்தால் நுரையீரலுக்குள் போய் மூச்சடைக்கும் என்று விளக்கிவிட்டு, அந்தக் கைக்கு வேறொரு வேலை கொடுங்கள். சுத்தமான துணியை விரலில் சுற்றி, தண்ணீரிலோ இளநீரிலோ நனைத்து, உதடு, ஈறு, நாக்கின் ஓரம் என்று மணிக்கொருமுறை துடைக்கக் கற்றுக்கொடுங்கள்.

விளக்கும் ஜெபமும்

நம் குடும்பங்களில் ஒரு பிள்ளை கோயிலுக்கும் ஒரு பிள்ளை சபைக்கும் போவது சாதாரணம். ஒருவர் திருநீறு பூச வருவார், இன்னொருவர் போதகரை அழைத்து வருவார். யாருடைய விருப்பம் என்று நோயாளியிடமே, பேச முடிகிறபோதே கேட்டு வையுங்கள். குணமாகிவிடும் என்று ஜெபித்தவர்கள் மருந்தை நிறுத்தப் பார்த்தால் வாதாடாதீர்கள். ஜெபமும் நடக்கட்டும், மருந்தும் நேரத்துக்குப் போகட்டும் என்று போதகர் வாயாலேயே சொல்லவைக்க முடியும். நிதானமாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள்.

ஆக்சிஜன் ஓடும் அறையில் கற்பூரம், காமாட்சி விளக்கு, சாம்பிராணி, மெழுகுவத்தி எதுவும் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். விளக்கைப் பக்கத்து அறையில் ஏற்றி, திருநீற்றை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆக்சிஜன் போடும் முகத்தில் வாசலின் தடவுவதும் ஆபத்து. நீர் சார்ந்த களிம்பு கொடுங்கள்.

மின்வெட்டுக்கு மாற்று சிலிண்டர் எங்கே என்று கேளுங்கள். தண்ணீருக்கும் அப்படியே. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டோங்காட் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தது. 2021 ஜூலைக் கலவரத்தில் மருந்தகங்கள் சூறையாடப்பட்டன. ஒரு வாரத்துக்கான டயபரும் குடிநீரும் வீட்டில் இருக்கட்டும். மார்பின் புட்டி கடைசிச் சொட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

புண்ணின் நாற்றத்தைப் பற்றி வீட்டார் பேசமாட்டார்கள். ஊதுவத்தி மணத்தால் மறைப்பார்கள். கிருமிகளைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவுவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். சில நாளில் நாற்றம் தணியும், பேரப்பிள்ளைகள் மறுபடி கட்டிலருகே வருவார்கள்.

கடைசி நாட்கள்

கை கால் சில்லிடும், முழங்கால் தோலில் ஊதா நிறத் திட்டுகள் தோன்றும், மூச்சு நின்று நின்று வரும், தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். இவற்றை நடக்கும் முன்பே வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள். அந்தக் கரகரப்பு கேட்பவரை வாட்டும்; நோயாளி பெரும்பாலும் உணர்வதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைப்பது முதல் வழி, சளியைக் குறைக்கும் ஊசி அடுத்தது. விழுங்க முடியாதபோது மருந்தைத் தோலடி ஊசிக்கு மாற்ற டாக்டரிடம் முன்கூட்டியே உத்தரவு வாங்கி, ஊசி மருந்தை வீட்டில் தயாராக வையுங்கள். வாரக்கடைசி தொடங்கும் முன், வெள்ளிக்கிழமையே.

வாயில் பால் ஊற்ற வேண்டும் என்பார்கள் சிலர். கரண்டியால் ஊற்றினால் புரையேறும். ஒவ்வொருவராக விரல் நுனியில் தொட்டு உதட்டில் வைக்கட்டும், சடங்கும் நிறைவேறும். தரையில் கிடத்த வேண்டும் என்றால் மெத்தையோடு இறக்க உதவுங்கள்.

உயிர் பிரிந்த பின்

உங்களைக் கூப்பிட்டால் முதலில் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறியுங்கள். டாக்டர் வந்து உறுதிசெய்து 1663 எண் படிவத்தை நிரப்ப வேண்டும். அது கைக்கு வந்தால்தான் இறுதிச் சடங்கு நடத்துபவர் உள்துறை அலுவலகத்தில் பதிவுசெய்து அடக்க உத்தரவு பெற முடியும். நோயாளியை அறிந்த டாக்டர் இல்லாவிட்டால் போலீஸ் வரலாம், உடல் அரசுப் பிணவறைக்குப் போகலாம், மறுநாள் தகனம் என்று உறவினருக்கெல்லாம் சொல்லிவிட்ட குடும்பம் தவித்துப்போகும். முதல் நாளே டாக்டரிடம் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் உடனே தெரிவியுங்கள். கிளேர் எஸ்டேட்டிலோ மோபேனி ஹைட்ஸிலோ தகனம் என்றால் அதை முன்னதாக அகற்றியாக வேண்டும், சூட்டில் அது வெடிக்கும்.

குளிப்பாட்டுவது குடும்பத்தின் உரிமை. குழாய்களை எடுத்து, புண்ணைப் புதிதாகக் கட்டிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், கூப்பிட்டால் கைகொடுங்கள். மீதி மார்பினை வீட்டில் இருவர் பார்க்க அளந்து எழுதி, அழிப்பதற்கு மருந்தகத்தில் ஒப்படையுங்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒருமுறை போங்கள். அதுவரை வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், அதன் பிறகு காலியாகிவிடும். மருந்து கொடுத்த மருமகளைத் தனியே அழைத்துப் பேசுங்கள். கடைசி வேளை மருந்தைக் கொடுத்தது நான், அதனால்தான் போய்விட்டாரோ என்ற எண்ணம் அவர் மனத்தில் இருக்கக் கூடும், அவராகக் கேட்கமாட்டார். நீங்களே தொடங்குங்கள். அந்த மருந்து வலியை எடுத்தது, உயிரை எடுத்தது நோய் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். தூக்கமும் சாப்பாடும் எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள், தேவையென்றால் ஆலோசகரின் எண்ணைக் கொடுங்கள், அடுத்து எப்போது தொலைபேசியில் பேசுவீர்கள் என்பதைத் தேதியோடு கோப்பில் எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.